கிழக்கு பார்த்த வண்டி

வரைபடத்தின் வடகிழக்கு முனை மட்டும் சுருண்டு சுருண்டு எழுந்துகொண்டிருந்தது. மற்ற மூன்று முனைகளில் காப்பி பிளாஸ்க், முரளிதரனின் கைப்பேசி, மொட்டைமாடிக் கதவின் பூட்டு என்று ஆளுக்கொன்று உட்கார்ந்திருக்க, இந்த முனைக்கு மட்டும் கனமாக எதுவும் அகப்படவில்லை. சிவசைலம் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்து அதன்மேல் வைத்தார். வைத்த பிறகுதான் அது எந்த முனை என்று உறைத்தது. எடுத்துவிடலாமா என்று கை மறுபடி போயிற்று. எடுத்தால் சுருளும், சுருண்டால் எல்லோரும் அதையே பார்ப்பார்கள், இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால். பொன்னி அடுக்ககத்தின் முன்வாசலில் ஷாமியானா போட்டு, இரண்டு பிளாஸ்டிக் மேஜைகளை ஒட்டி வைத்து, அதன்மேல் புதுக் கட்டடம் காகிதமாகப் படுத்திருந்தது. பழையது பின்னால் நின்றிருந்தது. பதினாறு வீடுகள், முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், ஸ்கூட்டர் வைத்திருப்பவரே பெரிய மனுஷர் என்றிருந்த காலத்தில் கட்டியது. இதை இடித்துவிட்டு ஐந்து மாடியும் அடியில் கார் நிறுத்தமுமாகக் கட்டித்தர ஒரு கம்பெனி வந்திருக்கிறது. பதினாறு வீட்டுக்காரரும் இந்தப் படத்தில் கையெழுத்துப் போட்டால் நாளை அனுமதிக்குப் போய்விடும். பதினாலு விழுந்தாயிற்று. மிச்சம் இரண்டாவது மாடி சிவசைலமும் தரைத்தளத்து ஜெசிந்தாவும். "சார் ஒரு தடவை பாத்துடட்டும்" என்று சங்கச் செயலாளர் முரளிதரன் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பொதுப்பணித் துறையில் முப்பத்துமூன்று வருஷம் வரைவாளராக இருந்தவர் சிவசைலம். மற்றவர்களுக்குக் கோடு கோடாகத் தெரிவது அவருக்குச் சுவராகவும் படியாகவும் தெரியும். அவர் பார்த்துச் சரி என்றால் சரி. பேனாவை நீட்டியபோது வாங்காமல் ஜெசிந்தா சொன்னதும் அதைத்தான். "சிவசைலம் சார் போடட்டும். அப்புறம் நான் போடறேன்."

அப்புறம் நான் போடறேன். அவள் அதைச் சொன்ன விதத்தில் ஒன்றுமில்லை. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்கிறவருக்கு வழிவிடுகிற குரல்தான். ஆனாலும் சிவசைலத்துக்கு அந்தச் சொல் சட்டைக்குள் விழுந்த எறும்பு மாதிரி ஓரிடத்தில் நிற்காமல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஏன் அப்புறம்? தண்ணீர்த் தொட்டிக்குச் சுண்ணாம்பு அடித்தபோதும் அவள் அப்படித்தான் சொன்னாள். வாட்ச்மேனை மாற்றியபோதும். பதினோரு வருஷமாகச் சங்கத்தின் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்துவிடுகிறாள். வருஷத்துக்கு நாலு கூட்டம் என்றால் நாற்பத்து நாலு. அரசு மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை, கணவர் மஸ்கட்டில், ஞாயிறன்று கோயிலுக்குப் போகவேண்டியவள்; முதல் பூசைக்கே போய்விட்டு வந்து மூன்றாவது வரிசையில் நீலப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். "ஜெசிந்தாம்மா வந்தாத்தான் கோரம் நிறையும்" என்று முரளிதரன் கேலி செய்வார், அதற்கும் சிரிப்பாள். கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போவாள். எதற்கு வருகிறாள் என்று சிவசைலம் ஒருமுறை கோமதியிடம் கேட்டார். கோமதி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "வீட்டுல ஒத்தையில இருக்கதுக்கு நாலு மனுஷ முகத்தையாவது பாப்போம்னு வாராளா இருக்கும்" என்றாள். நறுக்குவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள் என்பதை அவர் கவனித்தார். கேட்டிருக்க வேண்டாம்.

முரளிதரன் கார் நிறுத்தும் பக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக இந்த வீடுகளில் வேறு பேச்சே இல்லை. அடுப்படி எத்தனை அடி, துணி காயப்போட இடமுண்டா என்று கேட்டவர்கள் குறைவு; வண்டி எங்கே நிற்கும், அது ஒன்றுதான் கேள்வி. சொல்லிக் குற்றமில்லை, தெருவில் இடம் பிடித்தே இடுப்பொடிந்த ஜனம். ஒருவர் பெயின்ட் வாளியில் சிமென்ட்டைக் கொட்டி நடுவில் பைப்பை நட்டு வைப்பார். ஒருவர் கால் உடைந்த நாற்காலியைப் போடுவார். மூன்றாம் மாடிக்காரர் துளசித் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார், சாமியை எவன் நகர்த்துவான் என்கிற தைரியத்தில். கண்ணம்மாள் தெருவில் நடைபாதை என்று ஒன்று இருந்தது. அது தொட்டிக்கும் கார் உறைக்கும் அடியில் எப்போதோ காணாமல் போயிற்று. நடக்கிறவர்கள் நடுத்தெருவில் நடக்கக் கற்றுக்கொண்டார்கள். புதுப் படத்தில் வீட்டுக்கு இரண்டு கார். சிவசைலத்துக்கும் இரண்டு. அவரிடம் சைக்கிள்கூட இல்லை. ஹைதராபாத்திலிருந்து மகன் பிரபாகர் நேற்றுப் பேசினான். "ரெண்டு ஸ்லாட் எழுத்துல வாங்காம கையெழுத்துப் போட்டுறாதீங்கப்பா. நாளைக்கு வீட்டை வித்தாலும் அதுக்குத்தான் மதிப்பு." சரி என்றார். அவனுக்குத் தெரியாது. அவன் அப்போது கல்லூரி விடுதியில் இருந்தான், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"எல்லாத்தையும் விட முக்கியம் வாசல்" என்று தணிகாசலம் எழுந்தார். முதல் மாடிக்காரர், வாஸ்து அத்துப்படி. "அக்னி மூலையில வாசல் வெச்சான் பாருங்க, அன்னைக்கே இந்தக் கட்டடத்துக்கு ராசி போச்சு. யாராவது நல்லா இருக்கோமா? இப்ப ஈசானியத்துல, வடகிழக்குல, வண்டி வெளிய வர்ற மாதிரி மாத்தியாச்சு. கிழக்கு பாத்து வெளிய வரும். இனிமே பாருங்க." அத்தோடு நிறுத்தியிருக்கலாம், நாக்குக்கு நரம்பில்லையே. குரலைத் தாழ்த்திக்கொண்டு மூன்றாவது வரிசையைப் பார்த்து, "ஜெசிந்தாம்மாவையே எடுத்துக்கங்க, அவ்வளவு பெரிய சோகம் எதனால வந்துச்சுங்கறீங்க" என்றார். எதனால வந்துச்சு. சிவசைலம் அவள் முகத்தைப் பார்க்காமலிருக்கப் படத்தைப் பார்த்தார். ஒன்றுக்கு நூறு அளவு. அடியிலிருந்து சாய்தளம் ஏறி வருகிறது, ஏறி முடிகிற இடத்தில் வாசல், வாசலை ஒட்டி ஏழடி மதில், மதில் முடிகிற இடத்தில் தெரு வளைகிறது. ஏறி வருகிறவன் மூக்கை நிமிர்த்திக்கொண்டு வருவான், அவனுக்கு வானமும் வண்டியின் முன்பக்கமும்தான் தெரியும். மதிலுக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்பது வண்டியின் தலை வெளியே வந்த பிறகுதான் தெரியும். வளைவைத் தாண்டினால் ஸ்டேஷனரிக் கடை, அதையும் தாண்டினால் பள்ளிக்கூடம். காலையில் எட்டரைக்கும் மாலையில் நாலுக்கும் பிள்ளைகள் அந்த மதிலை உரசிக்கொண்டுதான் போகும். எட்டரைக்குத்தான் இவர்களும் ஆபீசுக்கு வண்டி எடுப்பார்கள். முப்பத்திரண்டு வண்டி.

வரைந்து கொண்டுவந்த பெண் யாழினி, கம்பெனியின் ஆர்க்கிடெக்ட், மேஜையின் மறுபக்கம் நின்றிருந்தாள். அவர் விரல் போய் நின்ற இடத்தை அவளும் பார்த்தாள். "முதல் படத்துல அந்த முனையை வெட்டித்தான் விட்டிருந்தேன் சார், பார்வை கிடைக்கணும்னு. நாலு கார் இடம் போகுதுன்னு எல்லாரும் சொன்னாங்க. வாசலும் அங்கதான் வேணும்னாங்க." முரளிதரன் குறுக்கே வந்தார். "அதான் வளைஞ்ச கண்ணாடி ஒண்ணு மாட்டிடலாம்னு முடிவாச்சே சார். போதாதா?" போதாதா. தணிகாசலமும் இன்னும் சிலரும் அவர் வாயைப் பார்த்தார்கள். கண்ணாடி எத்தனை நாளைக்கு நிற்கும், மழையில் மங்கும், காக்கை எச்சமிடும், எவனாவது வண்டியால் தட்டித் திருப்பிவிட்டால் அது வானத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். சொன்னால் கேட்பார்கள். சிவசைலம் சார் சொன்னால் கேட்பார்கள்தான், ஆனால் எப்படித் தெரியும் என்று ஒருவன் கேட்பான். அந்த முனையில் ஒரு பிள்ளை போயிற்றே என்று இன்னொருவன் சொல்வான். அது குழந்தை தானா குறுக்கே ஓடினது சார், ரெக்கார்டுலயே இருக்கே என்று மூன்றாமவன் சொல்வான். ரெக்கார்டு. அந்த ரெக்கார்டை வரைந்தது யார்? நினைப்பு அங்கே போய் முட்டியதும், பதினோரு வருஷமாக முட்டுகிற இடத்தில் முட்டிய மாடு மாதிரித் தானாகவே திரும்பிக்கொண்டது. நேரே ஜெசிந்தாவின் மகள் ஷெரினிடம் வந்து நின்றது.

ஒன்பது வயசு. முன்பல் ஒன்று விழுந்து பாதி முளைத்திருந்தது. அடுக்ககத்துப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் கொடுப்பது அவருடைய ஞாயிற்றுக்கிழமைத் தொழில். இதயத்தின் குறுக்குவெட்டு, சூரியக் குடும்பம், பூவின் பாகங்கள், எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அவர்தான் ஆஸ்தான ஓவியர். ஷெரின் மட்டும் போட்டுக் கொடுத்தால் வாங்கமாட்டாள். பக்கத்தில் நின்று கோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்ப்பாள். "அங்கிள், காவிரி மேலேர்ந்து போடணுமா கீழேர்ந்து போடணுமா?" ஆறு பிறக்கிற இடத்திலேர்ந்து போடும்மா. "அப்ப கடல்ல முடியறப்ப கையை எடுக்கணுமா?" அன்றைக்கு, சனிக்கிழமை சாயங்காலம், ஐந்தேகால் இருக்கும், படியேறி வந்து கதவருகே நின்றாள். "அங்கிள், இந்தியா மேப் வாங்கிட்டு வந்தா ஆறெல்லாம் சொல்லித் தருவீங்களா?" அவர் புதுக் காரின் கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் சொன்னார், "வாங்கிட்டு வா." அவ்வளவுதான். வாங்கிட்டு வா. நாளைக்கு வா என்று சொல்லியிருக்கலாம். என்னிடமே ஒரு மேப் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம், இருந்தது, அலமாரியில் ஒரு கட்டு இருந்தது, பிறகு ஒருநாள் வேறெதையோ தேடும்போது கைக்கு வந்தது. கையேட்டில் அந்தப் பக்கத்தில் கண்ணாடி துடைப்பானுக்குத் தண்ணீர் ஊற்றுவது எப்படி என்று போட்டிருந்தது. அந்தப் படம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. அவள் போட்டிருந்த சட்டை நிறம் நினைவில்லை, ஏனென்றால் அவர் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை வந்த வண்டி. வெள்ளை நிறம், ஓய்வு பெற்ற பிறகு வாங்கிய முதல் வண்டி, முதலும் கடைசியும். பிள்ளையார் கோயிலில் பூசை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் சுற்றி நடுத்தெருவில் உடைத்து, எல்லாம் முறைப்படி நடந்தது. ஆபீசில் கூட வேலை பார்த்த ஒருவர் சொன்னார், மூணு நாளைக்கு வண்டி கிழக்கு பார்த்து நிற்கணும், அப்புறம் உங்க இஷ்டம். கோமதி அதைப் பிடித்துக்கொண்டாள். அடுக்ககத்துக்கு முன்னால் தெரு தெற்கு வடக்காகப் போகிறது. அங்கே நிறுத்தினால் வண்டி ஒன்று எமனைப் பார்க்கும், இல்லை குபேரனைப் பார்க்கும். குபேரனாவது பார்க்கட்டுமே என்றார் அவர். "வெளையாடாதிய" என்றாள். வளைவைத் தாண்டிய சந்துதான் கிழக்கு மேற்காக ஓடுவது. அங்கே மதிலோரம், தெரு வளைகிற மூலையிலேயே, ட்ரான்ஸ்ஃபார்மர் கம்பத்துக்குப் பக்கத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு நிறுத்தினால் கச்சிதமாகக் கிழக்கு. மதிலுக்கும் வண்டிக்கும் நடுவே ஆள் போக இடமில்லை. அதுவும் தவறான பக்கம். அவருக்குத் தெரியாதா? பார்வைக் கோணம், திருப்ப ஆரம், எத்தனை சாலைச் சந்திப்புக்கு வரைந்திருப்பார், மூலையிலிருந்து இத்தனை மீட்டருக்குள் எதுவும் நிற்கக் கூடாது என்று எத்தனை படத்தில் தன் கையாலேயே எழுதியிருப்பார். நம்ம வண்டிதானே, மூணு நாள்தானே. கோமதி காலையில் இறங்கிப் போய் முன்சக்கரத்தடியில் புது எலுமிச்சம்பழம் இரண்டு வைத்துவிட்டு வருவாள். சனிக்கிழமை மூன்றாம் நாள்.

சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவருக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பிரேக் போடுகிற சத்தம், பிறகு தண்ணீர் கொட்டுகிற சத்தம், தண்ணி லாரியின் மூடி திறந்துகொண்டு தண்ணீர் தெருவெல்லாம் ஓடியது. யாரோ தண்ணி வீணாப் போகுதே என்று சொன்னார்கள், விஷயம் தெரியாமல். அவர் இறங்கிப் போனபோது ஷெரினை ஆட்டோவில் ஏற்றியிருந்தார்கள். ஜெசிந்தாவின் செருப்பு ஒன்று தெருவில் கிடந்தது, மகளுடையதல்ல, தாயுடையது. ஒட்டுமொத்தச் சனமும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. தெரு காலியாக இருந்தது. வண்டி மட்டும் ஒரு கீறலுமில்லாமல் கிழக்கு பார்த்து நின்றது. அப்போது அவர் யோசித்தாரா என்று கேட்டால் யோசிக்கவில்லை. கால் வீட்டுக்குப் போயிற்று, கை சாவியை எடுத்தது, வண்டியை எடுத்துக்கொண்டுபோய் நாலு தெரு தள்ளிக் கல்யாண மண்டபத்துப் பின்னால் விட்டுவிட்டு நடந்து திரும்பினார். பயம் என்று ஒன்று இருந்ததாகக்கூட ஞாபகமில்லை, வாசலில் கோலத்தின்மேல் நிற்கிற செருப்பை நகர்த்துவதுபோல நகர்த்தினார். மனசு அப்புறம் வந்து சேர்ந்தது. கோமதி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "பிள்ளை போயிட்டாளாம்" என்றாள். பிறகு, "வண்டியை எங்க விட்டிய?" என்றாள். அவர் சொன்னார். "விடியட்டும், சொல்லிருவோம்" என்றாள் கடைசியில். விடிந்தது.

விடிந்ததும் தலைமைக் காவலர் வந்தார். பார்வை மகஜர் எழுதவேண்டும், சம்பவ இடத்தின் படம் போடவேண்டும். கை நடுங்குகிற வயசு அவருக்கு. பேப்பரை வைத்துக்கொண்டு இரண்டு தரம் கிழித்தார். யாரோ சொன்னார்கள், "சிவசைலம் சாரைக் கேளுங்க, ஒரு நிமிஷத்துல போட்டுக் கொடுப்பாரு." போட்டுக் கொடுத்தார். சந்து, வளைவு, மதில், ட்ரான்ஸ்ஃபார்மர், கடை, லாரி நின்ற நிலை, பெருக்கல் குறி போட்டு சம்பவ இடம், வடக்கைக் காட்டும் அம்பு. கீழே, அளவுக்கு வரையப்படவில்லை என்று அழகான கையெழுத்தில் ஒரு வரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். அவர் ஒரு முழுக் காரை வெள்ளைத் தாளில் மறைத்தார். பொய்யாக ஒரு கோடும் போடவில்லை. ஒரு கோடு போடாமல் விட்டார், அவ்வளவுதான், முப்பத்துமூன்று வருஷ வேலையில் அவர் விட்டுவிட்ட ஒரே கோடு. கை அந்த மதிலோரத்தில் வந்து ஒரு கணம் நின்றது. நின்றதும் தெரியும், தாண்டியதும் தெரியும். "படம்னா இதுதான் சார் படம்" என்றார் தலைமைக் காவலர். குழந்தை திடீரென்று சாலையின் குறுக்கே வந்துவிட்டதாக எழுதினார், லாரி வேகமாக வந்ததாகவும் எழுதினார், இரண்டுக்கும் சாட்சியாகச் சிவசைலத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். லாரிக்காரர் கள்ளக்குறிச்சிப் பக்கம், முப்பது வயசிருக்கும், சட்டை கிழிந்து உதடு வீங்கி உட்கார்ந்திருந்தார். "கார் ஒண்ணு மறைச்சிருந்துச்சுங்கய்யா, வெள்ளைக் காரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எந்தக் கார்? எங்கே கார்? கூடி நின்றவர்களில் ஒருவன் அவரைக் கன்னத்தில் அறைந்தான். படத்தில் கார் இல்லை. அவருக்குப் பதினெட்டு மாதம் சிறை என்று அப்புறம் கேள்விப்பட்டார். தன் வண்டியைச் சிவசைலம் ஒரு மாதத்தில் பாண்டிச்சேரிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். ராசியில்லாத வண்டி என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார்கள். கோமதி எலுமிச்சம்பழச் சாதம் செய்வதை நிறுத்திவிட்டாள். அவர் ஏன் என்று கேட்டதில்லை.

"என்ன சார், ரொம்ப நேரமாப் பாக்கறீங்க" என்றார் முரளிதரன். பேனா அவருக்கு முன்னால் நீண்டிருந்தது. மணி பதினொன்றரை. வெயில் ஷாமியானாவின் ஓட்டை வழியாக வந்து படத்தின்மேல் ஒரு வெள்ளைக் காசு மாதிரிக் கிடந்தது. போட்டுவிடலாம். போட்டால் ஜெசிந்தா போடுவாள், நாளை அனுமதிக்குப் போகும், ஆறு மாதத்தில் எல்லாரும் வாடகை வீட்டுக்குப் போவார்கள், இந்த மதிலும் ட்ரான்ஸ்ஃபார்மரும் மண்ணோடு மண்ணாகும், அந்த முனை என்று ஒன்று இருந்ததே மறந்துபோகும். மறக்காது. அதே இடத்தில்தான் புது வாசல் திறக்கப்போகிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு வண்டி மூன்று நாள் கிழக்கு பார்த்து நின்றது. இனி முப்பத்திரண்டு வண்டி தினம் தினம் கிழக்கு பார்த்து வெளியே வரும். ஏதாவது ஒரு வீட்டில் ஒரு கிழவன் தலையைத் தூக்காமல் வாங்கிட்டு வா என்று சொல்வான். அன்றைக்குப் படத்தில் கோடு போடாமல் கையெழுத்துப் போட்டாயே, இன்றைக்கும் அதே கைதானே. அவருக்கு அழுகை வந்தது. இத்தனை பேர் நடுவில், காப்பித் தம்ளரும் கையுமாக இவர்கள் பார்த்திருக்க, எழுபது வயசில். திரும்பிக் கோமதியைப் பார்த்தார். பெண்கள் வரிசையின் ஓரத்தில் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தலையை அசைத்தாள். வேண்டாம் என்றா, சரி என்றா, நாற்பது வருஷம் கூட வாழ்ந்தும் அவருக்குப் புரியவில்லை.

"பென்சில் இருக்காம்மா?" என்று யாழினியைக் கேட்டார். "பேனா இருக்கு சார்" என்றார் முரளிதரன். யாழினி பென்சிலும் ஸ்கேலும் எடுத்துக் கொடுத்தாள். சிவசைலம் கண்ணாடிக் கூட்டை எடுத்தார். முனை சுருண்டது, இடது கையால் அதை அமர்த்திப் பிடித்துக்கொண்டார். ஒன்றுக்கு நூறு. ஒரு கார் நாலு சென்டிமீட்டர் நீளம், ஒன்று புள்ளி ஏழு அகலம். பிள்ளை அந்த அளவில் ஒரு புள்ளிதான். வடக்கு மதிலுக்கு வெளியே, மூலையை ஒட்டி, கோடு போட்டார். நாலு பக்கமும் முடித்து, முன்பக்கம் கிழக்கே பார்க்க ஒரு சின்ன அம்பு வைத்தார். "ஒரிஜினல் காப்பி சார் அது" என்று பதறினார் முரளிதரன். "இது என்ன சார், ட்ரான்ஸ்ஃபார்மரா?" என்று எட்டிப் பார்த்தார் தணிகாசலம். சிவசைலம் மூன்றாவது வரிசையைப் பார்த்துப் பேசினார். குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "ஜெசிந்தாம்மா, அன்னைக்கு என் வண்டி இங்க நின்னுச்சு. புது வண்டி, கிழக்கு பாத்து நிக்கணும்னு மூணு நாளா நிறுத்தியிருந்தேன். அதைச் சுத்தித்தான் பாப்பா ரோட்டுல இறங்கிச்சு. லாரிக்காரர் சொன்னது நிஜம். போலீஸ் படம் நான் போட்டது. அதுல நான்தான் வண்டியைப் போடாம விட்டேன்."

மூன்றாம் மாடியில் யாருடைய வீட்டிலோ குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்ந்தது. ஜெசிந்தா பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கத்துவாள் என்று நினைத்தார், அறைவாள் என்று நினைத்தார், இரண்டுக்கும் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார். அவள் மேஜைமேல் குனிந்து படத்தைப் பார்த்தாள். மருந்துச் சீட்டில் கிறுக்கலைப் படிக்கிறவள் பார்க்கிற மாதிரி, அவசரமில்லாமல், ஒவ்வொரு கோடாக. பிறகு அந்தச் செவ்வகத்தின் நுனியில் விரலை வைத்தாள். "இன்னும் ரெண்டடி முன்னாடி சார்" என்றாள். "எலுமிச்சம்பழம் ரெண்டும் ட்ரான்ஸ்ஃபார்மர் கம்பத்துக்கு நேரா கிடந்துச்சு." சிவசைலம் படத்திலிருந்து தலையைத் தூக்கினார். "எப்பம்மா பாத்தீங்க?" "அன்னைக்கு ராத்திரியே. செருப்பைத் தேடி வந்தேன். தண்ணியில நனைஞ்சு கிடந்துச்சு." பின்னாலிருந்து கோமதியின் கேவல் கேட்டது. ஜெசிந்தா திரும்பவில்லை. "நீங்களா சொல்லுவீங்கன்னு ஒவ்வொரு மீட்டிங்குக்கும் வந்தேன்" என்றாள். அதிலும் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும்.

அவர் யாழினியிடம் ரப்பர் கேட்டு வாங்கிக்கொண்டார். செவ்வகத்தை அழித்தார், துகளை ஊதாமல் விரலால் ஒதுக்கினார். ரெண்டடி என்றால் இந்த அளவில் ஆறு மில்லிமீட்டர். ஸ்கேலை வைத்து அளந்து, புள்ளி வைத்து, மறுபடி போட்டார். வண்டியின் மூக்கு இப்போது புது வாசலுக்கு நேராக வந்து நின்றது. "இப்ப சரியாம்மா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். கையை நீட்டினாள். அவர் பென்சிலைக் கொடுத்தார். முரளிதரன் கையெழுத்துப் பக்கத்தை அவசரமாகத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார், அவள் அதைப் பார்க்கவில்லை. வண்டியின் முன்னால், சாலைக்குள், ஒரு புள்ளி வைத்தாள். பென்சிலை மேஜையில் வைத்துவிட்டுப் போய் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினாள்.